சிங்கப்பூரில் கம்பெனி பெயரில் வங்கிக் கணக்கு: திருப்பூர்ப் பங்குதாரர்கள் தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

#1 பின்னல்_நூல்

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் பதிவாகி யுஇஎன் என்ற பதிவு எண்ணும் வந்துவிட்டது. 60% பங்கு திருப்பூரில் குடியிருக்கும் ஒருவருக்கு. மீதி 40% அவர் இயக்குநராக இருக்கும் திருப்பூர்ப் பின்னலாடை கம்பெனிக்கு. சிங்கப்பூர் கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள்: அவரும், பதிவு செய்துகொடுத்த செயலக நிறுவனம் ஏற்பாடு செய்த உள்ளூர் நாமினியும் (பெயரளவு இயக்குநர்). மூலதனம் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்தியாவிலிருந்து இன்னும் பணம் போகவில்லை. கணக்குத் திறக்க என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எதில் சிக்கல் வரும், எந்த வரிசையில் போக வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தேக்கா_செயலர்

முதலில் கம்பெனியின் சொந்தக் காகிதங்கள். சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்திலிருந்து எடுத்த நிறுவன விவரத்தாள் வேண்டும், விலை 5.50 வெள்ளி. கம்பெனி பதிவான அன்று எடுத்த தாளை மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் புதிதாக எடுத்துவரச் சொல்வார்கள். அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் எடுப்பதே நல்லது. அதனுடன் பதிவுச் சான்று, கம்பெனியின் சாசனம். சாசனம் என்பது முன்பு மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் என்று இரண்டாக இருந்தது. 2016 ஜனவரி 3 முதல் இரண்டும் ஒரே ஆவணம். இந்தியாவில் இன்னும் இரண்டு என்பதால் பலர் இன்னொன்றைத் தேடி அலைகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது.

அடுத்தது இயக்குநர் குழுத் தீர்மானம். பெரும்பாலான வங்கிகள் தங்கள் சொந்தப் படிவத்தில்தான் கேட்கும். தீர்மானத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த வங்கி, எந்தெந்த நாணயக் கணக்கு, யார் யார் கையொப்பதாரர், ஒருவர் மட்டும் போட்டால் போதுமா அல்லது இருவர் சேர்ந்து போட வேண்டுமா. இணைய வங்கியில் யார் பணம் அனுப்பத் தொடங்குவார், யார் ஒப்புதல் தருவார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அதற்குத் தனியாக இன்னொரு தீர்மானம் கேட்பார்கள்.

நாமினி இயக்குநர் கையொப்பதாரர் ஆக வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆகவும் மாட்டார். ஆனால் அவரும் இயக்குநர் என்பதால் தீர்மானத்தில் அவர் கையெழுத்து வேண்டும், அவருடைய அடையாள ஆவணமும் வங்கிக்குப் போக வேண்டும். இதற்குச் செயலக நிறுவனம் தனிக் கட்டணம் வாங்குகிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கம்பெனியின் பெயரை எல்லா இடத்திலும் அக்ராவில் உள்ளபடியே, புள்ளி உட்பட, எழுதுங்கள். ஒரு தாளில் ‘பிடிஇ. எல்டிடி.’, இன்னொன்றில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று இருந்தால் அதற்காகவே தாள் திரும்பி வரும்.

#3 கோவை_தணிக்கை

தேக்கா_செயலர் சொன்னதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் வங்கி வாசலுக்குப் போக வேண்டாம்.

இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கை எடுத்தாலே அது 2022 ஆகஸ்ட் 22-இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. பணம் அனுப்பும் முன் ஏடி வங்கி (அந்நியச் செலாவணி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதித்த வங்கி) வழியாக வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கி தரும் அடையாள எண்ணான யுஐஎன் வாங்க வேண்டும். தனிநபருக்கு எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வரம்பு, அதாவது ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர். இந்தியக் கம்பெனிக்கு அதன் நிகர மதிப்பில் 400% வரை. இங்கே தனிநபர், கம்பெனி என்று இருவர் முதலீடு செய்கிறார்கள். ஒரே வெளிநாட்டு நிறுவனம், ஒரே யுஐஎன். ஆகவே இருவரும் ஒரே ஏடி வங்கி வழியாகத்தான் போக வேண்டும். அவர் தன் சேமிப்புக் கணக்கு வங்கியிலிருந்தும், கம்பெனி தன் ஓடி (ஓவர்டிராஃப்ட்) வங்கியிலிருந்தும் தனித்தனியாக அனுப்பினால் இரண்டாவது பணம் அங்கேயே நிற்கும்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த 50,000 வெள்ளி அக்ராவில் எப்படிப் பதிவாகியிருக்கிறது? வழங்கிய மூலதனம் (பங்காக ஒதுக்கியது) வேறு, செலுத்திய மூலதனம் (பணமாக வந்தது) வேறு. விவரத்தாளில் இரண்டும் தனித்தனி வரியாக வரும். செலுத்திய மூலதனம் 50,000 என்று இருந்து, பணம் போகவில்லை என்றால் இரண்டு பக்கமும் தப்பு. சிங்கப்பூரில் அது உண்மையில்லாத தகவல். இந்தியாவில், ‘பணம் யார் கட்டியது, எந்த வழியில்?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. யாராவது அங்கே கைமாற்றாகக் கட்டியிருந்தால் அது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) மீறலாகவே போய் முடியும்.

#4 பின்னல்_நூல்

விவரத்தாளைப் பார்த்தேன். வழங்கியது 50,000, செலுத்தியதும் 50,000 என்றுதான் இருக்கிறது. திருத்த முடியுமா? இன்னொன்று: கணக்கு இருந்தால்தானே பணம் அனுப்ப முடியும், பணம் வராமல் கம்பெனியை எப்படிக் காட்டுவது?

#5 தேக்கா_செயலர்

முடியும். செயலக நிறுவனத்திடம் இன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். நடந்ததற்கு ஏற்ப அக்ராவில் திருத்தம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது கேட்காமலே ‘செலுத்தப்பட்டது’ என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வங்கி கண்ணில் படும் முன் திருத்தினால் அது சாதாரணத் திருத்தம். வங்கி கேட்ட பிறகு திருத்தினால் அதற்கு விளக்கக் கடிதம், செயலர் கடிதம் என்று நீளும்.

சிங்கப்பூரில் செலுத்திய மூலதனம் 1 வெள்ளி இருந்தாலே கம்பெனி நிற்கும். பங்கை வழங்கிவிட்டுப் பணம் பின்னால் வாங்குவதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்ட சுழலுக்கு வழி உண்டு: செலுத்தாத பங்கோடு கணக்கைத் திறக்கலாம், பணம் வந்ததும் செலுத்தியதாகப் பதியலாம்.

#6 கோவை_தணிக்கை

இந்தியப் பக்கத்திலும் பணத்தைப் பின்னால் கொடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் எவ்வளவு காலத்துக்குள் என்பது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏடி வங்கியின் வெளிநாட்டு முதலீட்டுப் பிரிவில் இதைக் காட்டி, அவர்கள் ஏற்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிளை மேலாளரின் வாய்வார்த்தை போதாது, மின்னஞ்சல் வேண்டும்.

பணம் அனுப்பும்போது தனிநபருக்கு ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), பான், எல்ஆர்எஸ் அறிவிப்பு. ஒரு நிதியாண்டில் எல்ஆர்எஸ் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20% டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். 30,000 வெள்ளி பங்கு அவருடையது என்றால், இன்றைய மாற்று விகிதத்தில் அது 10 லட்சத்துக்கு மேல் போகும். டிசிஎஸ் தொகையையும் சேர்த்துக் கணக்கில் வைத்திருங்கள். இல்லையென்றால் பணம் குறைவாகப் போய்ச் சேர்ந்து, பங்குத் தொகையோடு பொருந்தாமல் நிற்கும். அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக் கூடியதுதான், செலவில்லை. கம்பெனி அனுப்பும் 20,000 வெள்ளி எல்ஆர்எஸ்-இல் வராது, அதற்கு இந்த டிசிஎஸ் இல்லை.

வங்கிக் கட்டணத்தையும் கவனியுங்கள். இடையில் உள்ள வங்கி 20, 30 வெள்ளி பிடித்துக்கொண்டால் வந்து சேர்வது 29,970. பங்குப் பணம் முழுசாக வராது. எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு என்ற ‘OUR’ முறையில் அனுப்பச் சொல்லுங்கள்.

#7 இணக்கப்_பிரிவு

வங்கிக் கோப்பைப் படிப்பவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவர் தாள்களை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு தாளில் உள்ள பெயர், முகவரி, தொழில், தொகை ஆகியவை அடுத்த தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார். ஒத்துப்போகாத இடத்தில் பென்சில் நிற்கும்.

தமிழ்நாட்டு விண்ணப்பங்களில் அது முதலில் நிற்பது பெயரில். பாஸ்போர்ட்டில் பெயர் முருகேசன், குடும்பப் பெயர் கந்தசாமி. பான் அட்டையில் ‘கந்தசாமி முருகேசன்’. வங்கி அறிக்கையில் ‘கே. முருகேசன்’. மின்கட்டண ரசீதில் அப்பா பெயர் மட்டும். நமக்கு இது ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். முன்னெழுத்துப் பழக்கமே இல்லாத நாட்டில் வளர்ந்த ஒரு பரிசோதகருக்கு இவர்கள் மூன்று பேர்.

சரி செய்ய எளிய வழி: பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, முகவரிச் சான்றாகக் கொடுக்கப்போகும் அந்த ஒரு வங்கிக் கணக்கில் மட்டும் பெயரை மாற்றிவிடுங்கள். கேஒய்சி புதுப்பிப்புப் படிவம் கொடுத்தால் சில நாளில் முடியும். ‘இரண்டு பெயரும் ஒருவருடையதே’ என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் சில வங்கிகளில் எடுபடும், சிலவற்றில் எடுபடாது. அதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கையெழுத்து. பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கிப் படிவத்திலும் தமிழிலேயே போடுங்கள். சிங்கப்பூர் வங்கி என்பதற்காக ஆங்கிலத்தில் போட்டால் பொருந்தாத கையெழுத்து என்று முழுக் கட்டும் திரும்பும்.

#8 பின்னல்_நூல்

முகவரிச் சான்றுக்கு மின்கட்டண ரசீது கொடுக்கலாமா? ஆதார் போதாதா? பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே முகவரி இருக்கிறதே.

#9 இணக்கப்_பிரிவு

பாஸ்போர்ட் அடையாளத்துக்குப் போய்விட்டது. அதே தாளை முகவரிக்கும் எடுத்துக்கொள்வது அரிது. ஆதாரில் சமீபத்திய தேதி என்று எதுவும் இல்லை. வங்கி கேட்பது வழக்கமாகக் கடந்த மூன்று மாதத்துக்குள் வந்த தாள். தமிழ்நாட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், மூன்று மாதத்துக்குள் உங்கள் கையில் ஒரு ரசீது, மிஞ்சினால் இரண்டு இருக்கும். அதிலும் இணைப்பு தாத்தா பெயரில் இருந்தால் பயனில்லை.

வங்கி அறிக்கைதான் சிறந்தது. முழு முகவரியும் தேதியும் உள்ள அறிக்கை வாங்கி, கிளையில் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் என்றால் கடவுச்சொல்லை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். பூட்டிய கோப்பைப் பெறும் பக்கத்தில் திறக்க முடியாது. யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கடவுச்சொல் கேட்கவும் மாட்டார்கள். ‘ஆவணம் முழுமையில்லை’ என்ற ஒற்றை வரிதான் வரும்.

கதவு எண்ணைப் பாருங்கள். நம் ஊரில் பழைய எண் 14, புதிய எண் 32 என்று இரண்டு இருக்கும். பாஸ்போர்ட்டில் 14, வங்கியில் 32 என்றால் வெளியூர்க்காரருக்கு அவை இரண்டு வீடு. விண்ணப்பத்தில் இரண்டையும் சேர்த்து எழுதி, இரண்டு எண்ணும் உள்ள மாநகராட்சிச் சொத்து வரி ரசீதைத் துணைக்கு வையுங்கள். ரசீது தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சான்றொப்பத்தோடு வேண்டும். தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்றுதான். வங்கிக் கோப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

#10 தேக்கா_செயலர்

நகல்களுக்குச் சான்றொப்பம் பற்றி. நோட்டரி, வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் என்று யார் ஒப்பமிடலாம் என்பதை வங்கியே சொல்லும். மூல ஆவணத்தைப் பார்த்து ஒப்பிட்டதாக ஒரு வரி, ஒப்பமிடுபவரின் முழுப்பெயர், தொழில், உரிம எண், தேதி, தொடர்பு எண் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் என்றால் ‘படத்தில் இருப்பவர் இவரே’ என்ற வரியும் கேட்பார்கள். வட்ட முத்திரையும் கிறுக்கிய கையெழுத்தும் மட்டும் இருந்தால், யார் போட்டது என்று தெரியாது. அந்த நகல் செல்லாது.

அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று, எல்லாவற்றுக்கும் தேவையில்லை. 40% பங்கு வைத்திருக்கும் இந்தியக் கம்பெனியின் பதிவுச் சான்று, மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ், இயக்குநர் பட்டியல், பங்குதாரர் பட்டியல், முதலீட்டுக்கு ஒப்புதல் தந்த தீர்மானம் ஆகியவற்றுக்குத்தான் கேட்க வாய்ப்பு அதிகம். கேட்டால் மட்டும் செய்யுங்கள். சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 16 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது, இந்தியா 2005 முதல் இருக்கிறது. ஆகவே தூதரகச் சான்று வேண்டும் என்று பழைய குறிப்புகளில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வணிக ஆவணம் என்றால் நோட்டரி, பிறகு தொழில் வர்த்தக சபை, பிறகு வெளியுறவு அமைச்சகம். சென்னையிலேயே முடியும்.

#11 இணக்கப்_பிரிவு

அந்த இந்தியக் கம்பெனிக்குப் பின்னால் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு தாளில் படம் வரைந்து கொடுங்கள். உதாரணத்துக்கு, இந்தியக் கம்பெனியில் அதே நபருக்கு 70%, மனைவிக்கு 30% என்று வைத்துக்கொள்வோம். 40-இல் 70% என்பது 28. நேரடியாக உள்ள 60-ஐச் சேர்த்தால் அவருக்கு 88%. மனைவிக்கு 12%. பொதுவான எல்லைக்கோடு 25%, ஆகவே அவர் ஒருவரே இறுதி உரிமையாளர். இடர் அதிகம் என்று பட்டால் 12% உள்ளவரின் பாஸ்போர்ட்டையும் கேட்கலாம், தயாராக வைத்திருங்கள். வங்கிக்கு வரையும் படமும், அக்ராவில் தாக்கல் செய்த கட்டுப்பாட்டாளர் (கம்பெனியைக் கட்டுப்படுத்துபவர்) பதிவேடும் ஒன்றாக இருக்க வேண்டும். செயலக நிறுவனம் என்ன தாக்கல் செய்தது என்று நகல் வாங்கிப் பாருங்கள்.

சொத்து எப்படி வந்தது என்பதற்கும் சான்று கேட்பார்கள். மூன்று வருட வருமான வரிக் கணக்கு, இந்தியக் கம்பெனியின் தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பு, ஈவுத்தொகை வந்த வங்கி வரி ஆகியவை போதும். சேமிப்பு என்று ஒரு சொல் எழுதிவிட்டு விட்டால் போதாது. 2023 ஆகஸ்டில் சிங்கப்பூரில் 10 வெளிநாட்டவர் கைதாகி, 300 கோடி வெள்ளிக்கு மேல் சொத்து முடக்கப்பட்ட பணச்சலவை வழக்கு இருக்கிறதே, அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் 9 நிதி நிறுவனங்களுக்கு அந்நாட்டு மத்திய வங்கியான நாணய ஆணையம் மொத்தம் 2.745 கோடி வெள்ளி அபராதம் விதித்தது. அதன் பிறகு இந்தப் பகுதியை யாரும் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை.

#12 வெள்ளிக்_காசு

தொழில் விவரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பதிவு செய்யும்போது பலர் ‘பொதுவான மொத்த வணிகம்’ என்ற குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள், பின்னால் எதையும் செய்துகொள்ளலாம் என்று. வங்கிக்கு அது எதுவும் சொல்லாத குறியீடு. ஆடை விற்பதென்றால் ஆடை மொத்த வணிகக் குறியீடே இருக்கட்டும், அக்ராவில் மாற்றிக்கொள்ளலாம்.

படிவத்தில் மாத வரவு எவ்வளவு, எத்தனை தடவை, ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு, எந்தெந்த நாட்டிலிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்பார்கள். இங்கே பெருமைக்காகப் பெரிய எண் போட வேண்டாம். வருடம் 20 லட்சம் வெள்ளி என்று எழுதி, கையில் காட்டுவது 80,000 வெள்ளி ஆர்டர் ஒன்று மட்டும் என்றால் அந்த இடைவெளிதான் கேள்வியாகும். வாங்குபவரின் கொள்முதல் ஆணை, திருப்பூர்க் கம்பெனியோடு போடும் வழங்கல் ஒப்பந்தம், விலைப்பட்டியல் ஆகியவை வையுங்கள். சரக்கு திருப்பூரிலிருந்து நேரே ஐரோப்பா போகிறது, பணம் மட்டும் சிங்கப்பூர் வழியாக வருகிறது என்றால், நடுவில் சிங்கப்பூர் கம்பெனி என்ன வேலை செய்கிறது என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். இந்தக் கேள்வி வீடியோ பேட்டியிலும் வரும். படிவத்தை நிரப்பியவர் வேறு, பேட்டியில் பேசுபவர் வேறு என்று இருந்தால் பதில்கள் மாறும். நிரப்பிய படிவத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தங்கம், ரத்தினக் கல் என்றால் முதலில் சிங்கப்பூர்ச் சட்ட அமைச்சில் பதிவு, பணப் பரிமாற்றம் என்றால் நாணய ஆணையத்தின் உரிமம். அது இல்லாமல் வங்கி பேசாது. வொர்க் பெர்மிட்டில் சிங்கப்பூரில் இருப்பவரை இயக்குநராகவோ பங்காளியாகவோ போட்டுவிட வேண்டாம். அவர்கள் தொழில் நடத்த அனுமதி இல்லை, அவருடைய வேலையே போகும்.

#13 பின்னல்_நூல்

திருப்பூரில் டிபிஎஸ் கணக்கு இருக்கிறது, முன்பு லட்சுமி விலாஸ் வங்கியில் இருந்தது. அதை வைத்து சிங்கப்பூர் டிபிஎஸ்-இல் சுலபமாகத் திறக்கலாம் என்கிறார்கள். சரியா? வங்கி இழுத்தடித்தால் ஆன்லைன் நிதிச் சேவைகள் போதுமா?

#14 இணக்கப்_பிரிவு

2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் இணைந்தது டிபிஎஸ் பேங்க் இந்தியா லிமிடெட் என்ற தனி நிறுவனத்தோடு. தாய் ஒன்றுதான், ஆனால் இந்தியாவில் கொடுத்த கேஒய்சி சிங்கப்பூரில் தானாகச் செல்லாது. அங்கே புது விண்ணப்பம்தான். அந்தக் கணக்கின் அறிக்கை நல்ல முகவரிச் சான்றாக உதவும், அவ்வளவே.

ஆன்லைன் சேவைகள் பெரும்பாலும் பணம் செலுத்து நிறுவன உரிமம் பெற்றவை, வங்கி உரிமம் இல்லை. வங்கியில் உள்ள வெள்ளி வைப்புக்கு ஒரு வைப்பாளருக்கு 1,00,000 வெள்ளி வரை காப்பீடு உண்டு, கம்பெனிக்கும் சேர்த்து. இந்தச் சேவைகளில் உள்ள தொகைக்கு அந்தக் காப்பீடு கிடையாது. வாங்குபவரிடமிருந்து பணம் வாங்கி உடனே அனுப்புவதற்குப் பயன்படும். ஆனால் மூலதனத்தை அங்கே வாங்கும் முன், உங்கள் ஏடி வங்கி அதற்கு அனுப்ப ஒப்புமா என்று கேளுங்கள்.

#15 கோவை_தணிக்கை

அதை நானும் சொல்ல வந்தேன். பெறும் கணக்கு கம்பெனியின் சொந்தப் பெயரில் இல்லாமல் சேவை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் ஏடி வங்கி மறுக்கலாம்.

வரி சுய அறிவிப்புப் படிவம் ஒன்று வரும், சிஆர்எஸ் (நாடுகள் கணக்கு விவரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை) என்று. கம்பெனியின் வரி எண் இடத்தில் யுஇஎன், உரிமையாளரின் வரி எண் இடத்தில் பான், வரிக் குடியிருப்பு இந்தியா. கம்பெனி வகை கேட்கும் இடத்தில் பலர் புரியாமல் ‘செயலற்ற’ என்ற பெட்டியை அடிக்கிறார்கள். ஆடை வாங்கி விற்கும் கம்பெனி செயல்படும் வகை. தொடங்கி 24 மாதத்துக்குள் இருக்கும், இன்னும் வியாபாரம் ஆரம்பிக்காத கம்பெனிக்கும் அதே வகையில் இடம் உண்டு.

பணம் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை ஏடி வங்கியில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் ஏபிஆர் (வெளிநாட்டுக் கம்பெனி பற்றிய ஆண்டு அறிக்கை). வருமான வரிக் கணக்கில் அட்டவணை எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து): பங்கு மட்டுமல்ல, வெளிநாட்டுக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் இருந்தாலும் அதையும் காட்ட வேண்டும். அது நிதியாண்டுக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு. கணக்கு திறந்த தேதி, அந்த ஆண்டின் உச்ச இருப்பு, கடைசி நாள் இருப்பு மூன்றையும் கேட்பார்கள். வணிக வருமானம் இல்லாதவர் என்றாலும் இதை ஐடிஆர்-2-இல் கொடுக்க வேண்டும். ஐடிஆர்-1-இல் அந்த அட்டவணையே கிடையாது.

#16 பின்னல்_நூல்

அப்படியானால் வரிசை இதுதானா: அக்ராவில் மூலதனத் திருத்தம், தொழில் குறியீடு மாற்றம், பெயரையும் கதவு எண்ணையும் ஒன்றாக்குவது, ஏடி வங்கியின் மின்னஞ்சல், புது விவரத்தாள், தீர்மானம், விண்ணப்பம்?

#17 தேக்கா_செயலர்

ஆமாங்க. ஒன்றை மட்டும் முன்னால் நகர்த்துங்கள்: பெயர் மாற்றத்துக்கு வங்கிக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். மாற்றம் முடிந்த பிறகு வரும் அறிக்கைதான் வேண்டும். அது மற்ற வேலைகள் நடக்கும்போதே வந்துவிடும். தீர்மானத்தின் தேதி விவரத்தாளின் தேதிக்குப் பிறகு இருக்கட்டும். திருத்தத்துக்கு முன்னால் போட்ட தீர்மானத்தில் பழைய மூலதனம் இருந்தால் மறுபடியும் நாமினியின் கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும்.